நோயாளி, மாணவர், கருவி: மருத்துவக் கல்லூரியில் யார் முதலில் பேசுவது?

‘மருத்துவர் தேர்வில் செயற்கை நுண்ணறிவு தேர்ச்சி’ என்ற செய்தி 2023 தொடக்கத்திலிருந்து சுற்றி வருகிறது. அமெரிக்காவில் மருத்துவராகப் பணிபுரிய எழுத வேண்டிய யுஎஸ்எம்எல்இ தேர்வின் மூன்று படிகளிலும் சாட்ஜிபிடி தேர்ச்சி வரம்பை ஒட்டி மதிப்பெண் எடுத்தது என்று அந்த ஆண்டு பிப்ரவரியில் ஓர் ஆய்வு வெளியானது. மருத்துவக் கேள்விகளுக்கென கூகுள் உருவாக்கிய மெட்-பாம் அதே பாணிக் கேள்விகளில் 67.2 விழுக்காடு எடுத்தது. சில மாதங்களில் வந்த அதன் இரண்டாம் பதிப்பு 86.5 விழுக்காட்டைத் தொட்டது.

அப்படியென்றால் எம்பிபிஎஸ் படிப்புக்கு ஐந்தரை ஆண்டு எதற்கு என்று பெற்றோர் கேட்கிறார்கள். தடை செய்வதா, பாடமாக வைப்பதா என்று கல்லூரிகள் தடுமாறுகின்றன. மாணவர்களோ யாரையும் கேட்காமல் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். தடையா அனுமதியா என்ற கேள்வியைவிட முக்கியமானது வரிசை: நோயாளியின் முன்னால் மாணவர் முதலில் யோசிக்கிறாரா, கருவி முதலில் பேசுகிறதா என்பது. ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

அந்தத் தேர்வு எதை அளந்தது?

தேர்வுத்தாளில் ஒரு கேள்வி ஏறத்தாழ இப்படி வரும்: ‘54 வயது ஆண். இரண்டு மணி நேரமாக நெஞ்சின் நடுவில் அழுத்தும் வலி, இடது கைக்குப் பரவுகிறது, வியர்க்கிறது. அடுத்து என்ன செய்வீர்கள்?’ இந்த மூன்று வரியை எழுதுவதற்குள் மருத்துவ வேலையில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. நோயாளியைப் பேச வைத்தது, வேண்டாதவற்றைக் கழித்தது, வலியின் தன்மையைப் பிரித்துக் கேட்டது எல்லாவற்றையும் வேறு யாரோ செய்துவிட்டார்கள். புறநோயாளிப் பிரிவில் அதே மனிதர் வந்து, ‘கேஸ் பிடிச்ச மாதிரி இருக்கு டாக்டர், ஒரு ஊசி போட்டா சரியாயிடும்’ என்பார்.

மருத்துவக் கல்வியில் இதை விளக்க 1990-இல் ஜார்ஜ் மில்லர் முன்வைத்த பிரமிடு இன்றும் பயன்படுகிறது. அடியில் ‘தெரியும்’, அதற்கு மேல் ‘எப்படி என்று தெரியும்’, அதற்கும் மேல் ‘செய்து காட்டுவார்’, உச்சியில் ‘செய்கிறார்’. இந்தியாவில் 2019-இல் வந்த திறன்சார் எம்பிபிஎஸ் பாடத்திட்டத்திலும் ஒவ்வொரு திறனுக்கும் எதிரே இதையொட்டிய படிநிலை குறிக்கப்பட்டிருக்கிறது. சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள் தேர்ச்சி பெற்றது அடி இரண்டு படிகளில்தான்.

மேல் படி எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு வாரக் காய்ச்சலோடு தமிழ்நாட்டில் ஒருவர் வந்தால் டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல், மலேரியா ஆகியவற்றோடு ஸ்க்ரப் டைபஸும் பட்டியலில் இருக்க வேண்டும். ஒட்டுண்ணிப் பூச்சியின் இளம்புழு கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு சிலருக்கு இருக்கும். எஸ்கார் என்று அதற்குப் பெயர். அது பெரும்பாலும் வலிக்காது. அக்குள், இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ் என மறைவான இடங்களில் இருக்கும். நோயாளிக்கே தெரியாததால் அவர் சொல்லமாட்டார். சொல்லாததை மாணவர் தட்டச்சு செய்யமாட்டார். தட்டச்சு செய்யாததைக் கருவி அறியாது. திரையை மூடி, மறைப்பு இழுத்து, உடையை விலக்கிப் பார்த்தவருக்குத்தான் அது கிடைக்கும். கண்டுவிட்டால் டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை உயிரைக் காக்கும்.

ஒரே பெயரில் இரண்டு கருவிகள்

‘ஏஐ’ என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு பொருள்களைக் குறிக்கிறோம். குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

1. மொழி மாதிரி. சாட்ஜிபிடி போன்றவை. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, இதுவரை வந்த சொற்களுக்கு அடுத்து எந்தச் சொல்துண்டு வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக் கணித்துப் பதிலைக் கட்டுகின்றன. சரியான பதிலும் தவறான பதிலும் ஒரே முறையில், ஒரே நம்பிக்கைத் தொனியில் உருவாகின்றன. இல்லாத ஆய்வுக் கட்டுரைக்கு ஆசிரியர் பெயர், இதழ், பக்க எண் எல்லாம் தருவது இதனால்தான். வெளி நூல்களைத் தேடி எடுத்து அவற்றின் அடிப்படையில் பதில் தரும் ஏற்பாடு இந்தப் பிழையைக் குறைக்கும், ஒழிக்காது.

2. படம் பார்த்து வகைப்படுத்தும் கருவி. எக்ஸ்ரே, விழித்திரைப் படம், தோல் படம் போன்றவற்றில் மனிதர்கள் ‘நோய் உண்டு, இல்லை’ என்று குறித்த ஆயிரக்கணக்கான எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்றது. நீரிழிவு விழித்திரை நோயைக் கண்டறிய 1,28,175 படங்களில் பயிற்றுவிக்கப்பட்ட கூகுளின் கருவி பற்றிய ஆய்வு 2016-இல் ஜாமா மருத்துவ இதழில் வெளியானது. அந்தப் பணியில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் பங்கேற்றன.

இரண்டாம் வகைக் கருவி தருவது ஒரு மதிப்பெண். எந்த எண்ணுக்கு மேல் ‘நோய்’ என்று கொள்வது என்ற வரம்பை மனிதர்கள்தான் வைக்கிறார்கள். காசநோய்க்கு மார்பு எக்ஸ்ரே படிக்கும் மென்பொருளை 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரின் முதற்கட்டப் பரிசோதனையில் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. அங்கேயும் வரம்பு அந்தந்த இடத்துக்கேற்ப முடிவு செய்யப்பட வேண்டியதுதான். வரம்பைக் குறைத்தால் தவறவிடும் நோயாளிகள் குறைவார்கள், வீணாக சளிப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் கூடுவார்கள்.

இவை தவறும் விதத்தையும் மாணவர் அறிந்திருக்க வேண்டும். நுரையீரலைச் சுற்றிக் காற்று தேங்கிய எக்ஸ்ரேக்களில் பலவற்றில் ஏற்கெனவே சிகிச்சைக் குழாய் செருகப்பட்டிருக்கும். கருவி காற்றைக் கற்பதற்குப் பதில் குழாயைக் கற்றுக்கொள்ளும். குழாய் போடாத, உண்மையிலேயே அவசரமான நோயாளியை அது தவறவிடும். ஆய்வகத்தில் சிறப்பாக இருந்த கருவி களத்தில் திணறுவதும் உண்டு. கூகுளின் விழித்திரைக் கருவியைத் தாய்லாந்தின் 11 மருத்துவ நிலையங்களில் பயன்படுத்தியபோது, எடுத்த 1,838 படங்களில் 21 விழுக்காட்டைத் தரம் போதாது என்று அது ஒதுக்கியது. பல இடங்களில் படமெடுத்த அறை போதிய இருட்டாக இல்லை என்பது ஒரு காரணம்.

ஒவ்வொரு மாணவரும் கையால் போட வேண்டிய கணக்கு

‘90 விழுக்காடு துல்லியம்’ என்ற விளம்பர வரியை நம்பிப் பலர் ஏமாறுவது இங்கே. ஒரு கருவி நோயுள்ள 100 பேரில் 90 பேரைப் பிடிக்கிறது, இது சென்சிட்டிவிட்டி. நோயில்லாத 100 பேரில் 90 பேரைச் சரியாக விடுவிக்கிறது, இது ஸ்பெசிஃபிசிட்டி. இப்போது அதை இரண்டு இடங்களுக்கு எடுத்துப் போவோம்.

1. கிராம முகாம்: 1,000 பேரில் 10 பேருக்கு நோய். கருவி 9 பேரைப் பிடிக்கிறது. நோயில்லாத 990 பேரில் 99 பேரையும் பிடித்துவிடுகிறது. ‘நோய்’ என்று கருவியின் சிவப்பு விளக்கு எரிந்த 108 பேரில் உண்மையான நோயாளிகள் 9 பேர். நூற்றுக்கு எட்டு.

2. நெஞ்சக நோய்ப் பிரிவு: 1,000 பேரில் 300 பேருக்கு நோய். பிடிபட்ட நோயாளிகள் 270. தவறாகப் பிடிபட்டவர்கள் 70. சிவப்பு விளக்கு எரிந்த 340 பேரில் 270 பேர் உண்மை நோயாளிகள். நூற்றுக்கு எழுபத்தொன்பது.

கருவி அதேதான், மாறியது அதன் முன் வந்த மக்கள். சமுதாய மருத்துவப் பாடத்தில் இந்தக் கணக்கு பல பத்தாண்டுகளாக இருக்கிறது, ஆனால் தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறக்கும் சூத்திரமாக இருக்கிறது. செயற்கை நுண்ணறிவைப் பற்றி மாணவருக்கு ஒரே ஒரு வகுப்புதான் எடுக்க முடியும் என்றால், நிரல் எழுதச் சொல்லித் தருவதைவிட இந்தக் கணக்கைத் தாளில் போட வைப்பதே பயன் என்பது என் உறுதியான கருத்து.

கருவி முதலில் பேசினால் மனிதருக்கு என்ன ஆகிறது?

மூன்று ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முதலாவது, 2023-இல் ரேடியாலஜி இதழில் வந்தது. 27 கதிரியக்க மருத்துவர்கள் 50 மார்பகப் படங்களைப் படித்தார்கள். ஒவ்வொரு படத்தோடும் ‘இது ஏஐ சொன்னது’ என்று ஒரு வகைப்பாடு காட்டப்பட்டது. சிலவற்றில் வேண்டுமென்றே தவறானது. சரியான பரிந்துரை கிடைத்தபோது அனுபவம் குறைந்தவர்களும் மிகுந்தவர்களும் 80 விழுக்காட்டை ஒட்டிச் சரியாகச் சொன்னார்கள். தவறான பரிந்துரை கிடைத்தபோது அனுபவம் மிகுந்தவர்கள் 45.5 விழுக்காட்டுக்குச் சரிந்தார்கள். அனுபவம் குறைந்தவர்கள் சரிந்தது 20 விழுக்காட்டுக்கு. தன் கண்ணைவிடத் திரையை நம்பும் இந்தப் போக்கு எல்லாருக்கும் உண்டு. கற்றுக்கொண்டிருப்பவருக்கு மிக அதிகம்.

இரண்டாவது, 2024 அக்டோபரில் ஜாமா நெட்வொர்க் ஓப்பனில் வந்தது. 50 மருத்துவர்களில் ஒரு பாதிக்கு வழக்கமான தேடு வசதிகளோடு ஜிபிடி-4, மறுபாதிக்கு வழக்கமான வசதிகள் மட்டும். நோயறியும் தர்க்கத்துக்கான மதிப்பெண் முறையே 76, 74 விழுக்காடு. சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. கருவி தனியாகவே எழுதியபோது 92. செய்திகள் இதை ‘மருத்துவரை இயந்திரம் வென்றது’ என்று எழுதின. ஆனால் கொடுக்கப்பட்டவை எல்லாம் மனிதர் தொகுத்து எழுதிய நோய்க்குறிப்புகள், அதாவது தேர்வுத்தாள் வடிவம். கல்லூரிகள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு: கருவியைக் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் மருத்துவரின் சிந்தனை மேம்பட்டுவிடாது. அதை எப்படிக் கேட்பது, எப்போது நம்புவது, எப்போது மறுப்பது என்பது பயிற்சியால் வர வேண்டியது.

மூன்றாவது, 2025 ஆகஸ்டில் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்த போலந்து ஆய்வு. பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனையில் கட்டிகளைக் காட்டித்தரும் கருவியோடு சில மாதங்கள் வேலை செய்த அனுபவமிக்க மருத்துவர்கள், கருவி இல்லாமல் செய்த பரிசோதனைகளில் புற்றுநோய்க்கு முந்தைய கட்டிகளைக் கண்டறிந்த விகிதம் 28.4 விழுக்காட்டிலிருந்து 22.4 ஆகக் குறைந்தது. இது கண்காணிப்பு ஆய்வு. சரிவுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் எச்சரிக்கை தெளிவானது.

போலந்து மருத்துவர்களிடம் இழக்க ஒரு திறன் இருந்தது. முதல் நாளிலிருந்தே கருவியோடு படிக்கும் மாணவரிடம் அது உருவாகாமலே போகலாம். இழந்த திறனைப் பயிற்சியால் மீட்கலாம். உருவாகாத திறன் இல்லை என்பதே வெளியில் தெரியாது, மின்சாரம் போன இரவில் தெரியும் வரை.

நோயாளிப் படுக்கையருகே: ஒரு வகுப்பின் வரிசை

வார்டு வகுப்பில் பின்பற்றத்தக்க முறை இது. ஒரு மணி நேர வகுப்புக்குக் கணக்கிட்டது.

1. முதல் 25 நிமிடம் நோயாளியோடு. பேசிக் கேட்டல், உடல் பரிசோதனை. கைபேசி பையில்.

2. அடுத்த 10 நிமிடம் தாளில், மையால். முதன்மைக் கணிப்பு ஒன்று, மாற்றுக் கணிப்புகள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஆதரவான சான்று ஒன்று, எதிரான சான்று ஒன்று. நேரத்தைக் குறித்துக் கையொப்பம். பென்சில் கூடாது, பின்னால் திருத்திவிட்டு ‘நான் முதலிலேயே நினைத்தேன்’ என்று தன்னையே ஏமாற்றிக்கொள்வது மிக எளிது.

3. பிறகு கருவி, 5 நிமிடம். ‘என்ன நோய்?’ என்று கேட்கக் கூடாது. ‘டெங்கு என்று நினைக்கிறேன், சரிதானே?’ என்றும் கேட்கக் கூடாது. கேட்பவரின் பக்கம் சாய்ந்து தலையாட்டும் குணம் இந்த மாதிரிகளுக்கு உண்டு. கேட்க வேண்டியது: ‘என் கணிப்புக்கு எதிரான சான்றுகள் எவை? நான் கேட்காமல் விட்ட மூன்று கேள்விகள் எவை? தவறவிட்டால் உயிருக்கு ஆபத்தான நோய் எது?’

4. கருவி சொன்னதில் ஒரு கூற்றையாவது பாடநூலிலோ அரசின் சிகிச்சை வழிகாட்டியிலோ பார்த்து உறுதி செய்தல், 10 நிமிடம். இன்னொரு செயலியில் அதே கேள்வியைப் போடுவது சரிபார்த்தல் ஆகாது.

5. மீதி நேரம் நோயாளியிடம் திரும்பிப் போதல். விட்டுப்போன கேள்வியைக் கேட்டு, விட்டுப்போன இடத்தைத் தொட்டுப் பார்த்து, கணிப்பு மாறியதா, மாறியிருந்தால் எந்தச் சான்றால் என்று இரண்டு வரி எழுதுதல்.

நெரிசலான வார்டில் பெரும்பாலும் ஐந்தாம் படிதான் கைவிடப்படும். அதை விட்டால் மற்ற நான்கும் திரையோடு செய்த பேச்சுவார்த்தையாகவே நின்றுவிடும்.

நோயாளியின் தமிழும் கருவியின் தமிழும்

தமிழ்நாட்டில் நோயாளி தமிழில் பேசுவார். கேஸ் ஷீட் ஆங்கிலத்தில் எழுதப்படும். இடையில் நடக்கும் மொழிமாற்றமே நோயறிதலின் முதல் படி. அதைக் கருவியிடம் கொடுக்கும்போது என்ன ஆகும்?

‘இளைப்பு’ மூச்சிரைப்பு. ‘இளைச்சுட்டேன்’ எடை குறைவு. சொல் சற்றுப் பிசகினால் ஆஸ்துமா காசநோயாகும், காசநோய் ஆஸ்துமாவாகும். ‘மயக்கம்’ என்பது நினைவிழப்பா, தலைச்சுற்றலா, சர்க்கரை குறைந்த சோர்வா என்று கேட்டால்தான் தெரியும். ‘கிட்னியில உப்பு இருக்குன்னாங்க’ என்றால் பெரும்பாலும் ரத்தத்தில் கிரியேட்டினின், யூரியா என்ற கழிவுகளில் ஒன்று கூடியிருக்கிறது என்று பொருள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் சோடியமாகிவிடும். ‘கேஸ்’ அஜீரணமாகவும் இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம்.

பேச்சைப் பதிவு செய்து எழுத்தாக்கும் மென்பொருள்கள் வார்டுகளுக்குள் வரும் முன், ஒவ்வொரு துறையும் தன் பகுதி மக்கள் சொல்லும் இப்படிப்பட்ட ஐம்பது சொற்களைத் தொகுத்து அவற்றில் கருவியைச் சோதித்துப் பார்க்கலாம். செலவில்லாத வேலை. வெளிமாநிலத்திலிருந்து வந்து தமிழ் கற்கும் மாணவர்களுக்கும் அந்தப் பட்டியல் பயன்படும்.

பயிற்சி மருத்துவரும் மருந்தளவும்

சிஆர்ஆர்ஐ எனப்படும் கட்டாயப் பயிற்சி மருத்துவர் பணியின் ஓராண்டில் அவசரத்தில் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் மருந்தளவாக இருக்கும். 12 கிலோ குழந்தைக்கு பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம்: 180 மில்லிகிராம். சிரப்பில் எத்தனை மில்லி? நம் கடைகளில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. முதலாவதில் 7.2 மில்லி, இரண்டாவதில் 3.6 மில்லி. அமெரிக்காவில் வழக்கமான செறிவு 5 மில்லிக்கு 160. கருவி சொல்லாமலே அதை வைத்துக் கணக்குப் போட்டால் 5.6 மில்லி என்று வரும். நம் 250 சிரப்பில் அந்த 5.6 மில்லி 280 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 23. கூட்டல் பெருக்கல் எல்லாம் சரி, பாட்டில்தான் வேறு. மருந்தளவுக்கு மொழி மாதிரியைக் கேட்கவே வேண்டாம், பாட்டிலின் லேபிளைப் பார்த்துக் கையால் கணக்கிடுங்கள் என்று பயிற்சி மருத்துவர்களுக்குத் திட்டவட்டமாகச் சொல்ல வேண்டும்.

தேர்வும் மதிப்பீடும்

மாணவர் எழுதிய கட்டுரை ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருளை வாங்குவது வீண். ஓப்பன்ஏஐ தன் சொந்தக் கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் தானே திரும்பப் பெற்றது. அதே ஆண்டு வந்த ஓர் ஆய்வில், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காகத் தாங்களே எழுதிய கட்டுரைகளை இத்தகைய கருவிகள் சராசரியாக 61 விழுக்காடு ‘இயந்திரம் எழுதியது’ என்று குற்றஞ்சாட்டின. தமிழ்வழியில் படித்து வந்த மாணவர் எழுதும் எளிய ஆங்கிலம்தான் முதலில் மாட்டும். அது அநீதி.

வீட்டில் எழுதி வரும் அசைன்மென்டுக்கு மதிப்பெண்ணைக் குறைத்து, அதே பொருளில் ஐந்து நிமிட வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்குக் கூட்டலாம். 1975-இல் ரொனால்ட் ஹார்டன் அறிமுகப்படுத்திய ஆஸ்கி முறையில் மாணவர்கள் நிலையம் நிலையமாகச் சென்று திறனைக் காட்டுவார்கள்; அதில் ஒரு நிலையத்தில் நோய்க்குறிப்பையும் அதற்குக் கருவி தந்த பதிலையும் அச்சிட்டு வைத்து, ‘இதில் ஆபத்தான பிழை எது?’ என்று ஏழு நிமிடத்தில் கண்டுபிடிக்கச் சொல்லலாம். பிழையை ஆசிரியர் முன்கூட்டியே நட்டு வைக்க வேண்டும். சில தாள்களில் பிழையே இல்லாமலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாணவர் எல்லாவற்றையும் சந்தேகிக்க மட்டுமே பழகுவார்.

கருவியைக் கொண்டு கேள்வித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும் பொறிகள் உண்டு. சரியான விடையே மற்றவற்றைவிட நீளமாக இருக்கும். இரண்டு விடைகள் சரியாக இருக்கும். காய்ச்சல் கேள்வியில் ஸ்க்ரப் டைபஸுக்குப் பதில் அமெரிக்காவில் பரவலான லைம் நோய் நுழைந்திருக்கும்.

நோயாளியின் ரகசியம்

பொதுச் செயலியில் பதிவேற்றும் முன் பெயர், உள்நோயாளி (ஐபி) அல்லது புறநோயாளி (ஓபி) எண், தொலைபேசி, ஊர், தேதிகள், முகம் அனைத்தையும் நீக்க வேண்டும். எக்ஸ்ரேயின் மூலையில் பதிந்திருக்கும் பெயரும், படக் கோப்புக்குள் மறைந்திருக்கும் விவரங்களும் பலமுறை மறந்துபோகும் இடங்கள். அரிய நோயும் சிறிய ஊரும் சேர்ந்தால் பெயர் இல்லாமலே ஆளை அடையாளம் காணலாம். மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-இல் அறநெறி வழிகாட்டுதல்களை வெளியிட்டிருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதே ஆண்டு இயற்றப்பட்டது. இவற்றைத் தனிப் பாடமாக்க வேண்டாம். நோயாளியிடம் சம்மதம் கேட்கக் கற்றுத்தரும் அதே வகுப்பில், ‘உங்கள் படத்தை இந்தக் கருவியில் போடலாமா?’ என்று தமிழில் கேட்கவும் பழக்கலாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை

கருவியைச் சேர்த்த எந்தத் துறையும் அதே மாணவர்களைக் கருவி இல்லாமலும் அளந்து வர வேண்டும். சேர்க்கும் முன் ஒரு முறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை: பத்து எக்ஸ்ரே, பத்து ஈசிஜி, இரண்டு நோயாளிகள், கைபேசி வெளியே. கருவியோடு எடுக்கும் மதிப்பெண் ஏறி, கருவியின்றி எடுப்பது இறங்கினால், அந்தத் திறனுக்கு மட்டும் ஒரு பருவம் கருவியை மூடிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.